பொறை

வரதமாநதி அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வண்டியின் பின்பக்கம் தட்ட ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், கூடவே முதுகுத்தண்டில் ஒரு குத்து. இரண்டு பேர், இரண்டு பை, ஒரு கூடாரம், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், போதாததற்குப் பழனி அடிவாரத்தில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பா நான்கு. “மதுரைல இருந்து இதே சுமையோடதான வந்தோம்? அங்கல்லாம் ஒண்ணும் ஆகலையேண்ணே” என்றான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். எனக்கும் அதே எண்ணம்தான். பஞ்சாமிர்தத்தைத் தவிர புதிதாக எதையும் ஏற்றவில்லை. இவ்வளவு தூரம் தாங்கிய வண்டி இன்னும் அறுபது கிலோமீட்டர் தாங்காதா?

நான் எழுத நினைப்பது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். ‘தாங்கியது’ என்பதிலிருந்து ‘தாங்கும்’ என்பதற்கு நாம் எத்தனை சுலபமாகத் தாவிவிடுகிறோம்! வண்டி விஷயத்தில் அது வெறும் அசட்டுத்தனம். மனிதர்கள் விஷயத்தில் அது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சவரிக்காடு, வடகவுஞ்சி என்று மெதுவாக ஏறி, பெருமாள்மலையில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். அறுபது வயதிருக்கும் மெக்கானிக். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “சுமை அதேதான் தம்பி. ரோடு வேற” என்றார். பள்ளத்தில் விழும் சக்கரத்துக்கு நம்முடைய எடை மட்டும் தெரிவதில்லை, நாம் விழுந்த வேகமும் சேர்ந்துதான் தெரியும். இடதுபக்க ஷாக் அப்சர்வரைக் கழற்றித் தரையில் வைத்தார். எண்ணெய் கசிந்திருந்தது. மேலே இருந்த சுருளைக் காட்டினார். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக, மறுமுனையில் அகலமாக.

“இந்த நெருக்கமா இருக்கறது மொதல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதுக்கப்புறம் இந்த அகலச் சுத்து மட்டுந்தான் வேலை செய்யும், அப்ப வண்டி கெட்டியா இருக்கும். அதும் ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல. பைப்பு.”

நான் இயந்திரவியல் படித்தவன். மென்பொருளுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் கணினியில் இதே வகைச் சுருள்களை அழுத்திப் பார்க்கும் வேலைதான் செய்தேன். அவர் நாலு வரியில் சொன்னதை நான் அறுபது பக்க அறிக்கையாக எழுதியிருக்கிறேன், ஒருமுறை தப்பாகவும்.

*

ராபர்ட் ஹூக் தன்னுடைய விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். வேறு யாரும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது என்று பயம். 1678-இல் புதிரை அவிழ்த்தார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நீளும் என்பதுதான் அதன் சாரம். பத்துக் கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் இருபது கிலோவுக்கு இரண்டு. நேர்கோடு. பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட ‘பத்து ஆள் ஐந்து நாளில் செய்யும் வேலையை’ வகைக் கணக்குகளின் ஆன்மாவும் இதேதான். அந்தக் கணக்குகளில் எந்த ஆளுக்கும் காய்ச்சல் வராது.

ஒரு சுருள்வில்லின் விறைப்பு எதைப் பொறுத்தது என்பதற்கு அழகான சூத்திரம் ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தின் நான்காம் மடி மேலே, சுருளின் விட்டத்தின் மூன்றாம் மடியும் சுற்றுகளின் எண்ணிக்கையும் கீழே. 7 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, 42 மில்லிமீட்டர் சராசரிச் சுருள் விட்டம், வேலை செய்யும் சுற்றுகள் 12 என்று வைத்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தத்துக்கும் சுமார் 26.7 நியூட்டன் வேண்டும். சுற்றுகளில் பாதி ஒட்டிக்கொண்டால் மிஞ்சுவது ஆறு, விறைப்பு இரண்டு மடங்கு. மெக்கானிக் சொன்ன ‘கெட்டி’ இதுதான். அதாவது அந்தச் சுருள் ஒரே சுருள் அல்ல. அது இப்போது என்ன செய்யும் என்பது அது ஏற்கெனவே எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைத்தான் நேரிலாத் தன்மை என்கிறோம். பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் சிரித்துக்கொண்டே கேட்ட அதே கிண்டலுக்கு இரவில் அழுகிறோம்.

ஃபைனைட் எலிமென்ட் முறையில் சுருளைப் பல்லாயிரம் சின்னத் துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு முனைகளில் கைகோத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எளிது. எல்லாவற்றையும் சேர்த்தால் லட்சக்கணக்கான சமன்பாடுகள், அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். இதில் நேரியல் ஆய்வு என்ற முதல் வகை மூன்று விஷயங்களை நம்புகிறது: அழுத்தினாலும் வடிவம் பெரிதாக மாறாது, பொருளின் குணம் மாறாது, எதுவும் புதிதாக எதையும் தொடாது. சுமை வருவதற்கு முன்னால் இருந்த சுருளை வைத்தே சுமை வந்த பிறகு இருக்கப்போகும் சுருளைக் கணிக்கிறது. ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு முடித்துவிடும். சில நிமிடங்களில் விடை.

அதன் உண்மையான ஆபத்து அது தப்பாகச் சொல்வதில் இல்லை. எல்லா மாதிரிகளும் ஏதோ ஓரிடத்தில் தப்புதான். ஆபத்து, அது ஒருபோதும் மறுக்காது என்பதில். பத்து மடங்கு சுமை கொடு, பத்து மடங்கு அழுத்தத்தைக் கொடுக்கும். சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, சுருள் தன் உடம்புக்குள்ளேயே மறைந்து, தரைக்குக் கீழே போய்விட்டாலும் முகம் சுளிக்காது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப்படம் வரைந்து கையில் தரும்.

இப்போது என் தப்பு. மேலே சொன்ன அளவுகள் கிட்டத்தட்ட அந்தச் சுருளின் அளவுகள்தான். சுமையில்லாத உயரம் 130 மில்லிமீட்டர். 600 நியூட்டனுக்கு ஓட்டிப் பார்த்து 22.5 மில்லிமீட்டர் அழுந்தும் என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சுமை 960 ஆகிவிட்டது, திங்கட்கிழமை காலை அறிக்கை வேண்டும் என்றார்கள். மறுபடி ஓட்டக்கூட இல்லை. எக்செல்லில் 1.6-ஆல் பெருக்கினேன். 36 மில்லிமீட்டர். அனுப்பிவிட்டுப் படத்துக்குப் போனேன்.

இரண்டு முனைகளையும் சேர்த்து அந்தச் சுருளில் 14 சுற்று. ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர். எல்லாம் ஒட்டிக்கொண்டால் 98. 130-இலிருந்து 98 போனால் 32. சுருளுக்கு இருந்த மொத்த இடமே 32 மில்லிமீட்டர்தான். அது 36 மில்லிமீட்டர் அழுந்தும் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஃபைனைட் எலிமென்ட் வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும். இத்தனைக்கும் மூன்று பேர் அந்த அறிக்கையைச் சரிபார்த்தார்கள். வண்ணப்படம் நன்றாக இருந்தது.

சோதனைக்கூடத்தில் குலுக்கிப் பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுதாக ஒட்டிக்கொண்டு, மெக்கானிக் சொன்ன மாதிரி பைப்பாக மாறி, வந்த அடியையெல்லாம் அப்படியே கீழே கடத்தியது. அதற்கு அடியில் இருந்த போல்ட் அறுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன், பாதிதான் புரிந்துகொண்டேன் என்பது பிற்பாடு தெரிந்தது: தாங்குவதை ஒன்று நிறுத்திவிட்டால் சுமை காற்றில் கரைந்துவிடுவதில்லை. அடுத்து எது இருக்கிறதோ அதன்மேல் போய் உட்காரும்.

*

நேரிலா ஆய்வு வேறு மாதிரி வேலை செய்யும். மொத்தச் சுமையையும் ஒரேயடியாக ஏற்றாது. நூறில் ஒரு பங்கை ஏற்றும். நிற்கும். இப்போது சுருள் எப்படி இருக்கிறது, எந்தச் சுற்று எதைத் தொடுகிறது, எங்கே சாய்கிறது என்று பார்த்து, விறைப்பை மறுபடி கணக்கிடும். உள்விசையும் வெளிச்சுமையும் சமமா என்று கேட்கும். சமமில்லை என்றால் திருத்தி மறுபடி கேட்கும். நியூட்டன்–ராப்சன் என்று இதற்குப் பெயர். நூறு படி, ஒவ்வொரு படியிலும் நாலைந்து கேள்வி. சுற்றுகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் இடத்தில் திணறும். படியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும், அதிலும் பாதி. அப்படியும் முடியாவிட்டால் நின்றுவிடும். ‘கன்வெர்ஜ் ஆகவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அவ்வளவுதான், விடை கிடையாது.

அந்த ஒரு வரியை நான் எத்தனை இரவு திட்டியிருக்கிறேன்! காலையில் வந்து பார்த்தால் 83 சதவீதச் சுமையில் நின்றிருக்கும். பல சமயம் குற்றம் என்னுடையதாகத்தான் இருக்கும்: வலையை மோசமாக வெட்டியிருப்பேன், எது எதைத் தொடலாம் என்று சொல்ல மறந்திருப்பேன். மறுப்பெல்லாம் ஞானம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மறுப்பு ஒரு தகவல். ஏதோ ஓரிடத்தில் ஏதோ மாறிவிட்டது, வந்து பார் என்று அழைக்கிறது. அதை வாயடைக்க வழியும் உண்டு. டாலரன்ஸ் என்ற எண்ணைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், சமமில்லாததைச் சமம் என்று ஒப்புக்கொண்டு கடைசிவரை ஓடிவிடும். ஆங்கிலத்தில் சகிப்புத்தன்மைக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மெக்கானிக் எண்ணெய் சீல் வாங்கப் பையனை அனுப்பியிருந்தார். எதிர்க்கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்னோடு வந்தவன் முன்பு என் அணியில் இருந்தவன். மென்பொருள் நிறுவனம், நான் அணித் தலைவன். என்ன கொடுத்தாலும், “பாத்துக்கலாம்ணே.” கூட ஒரு மாட்யூல். “பாத்துக்கலாம்ணே.” இரவு அமெரிக்கக் கால். “ஓகேண்ணே.” நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் “உனக்கு ஓகேவாடா?” என்று கேட்டிருக்கிறேன், அதுதான் கொடுமை. கேட்டதாக என்னிடம் பதிவு இருக்கிறது. போன மாதம் பத்து மணிநேரம் செய்தான், இந்த மாதம் பன்னிரண்டு, அடுத்த மாதம் பதினாலு செய்வான் என்று நான் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நான் உருவாக்கி வைத்திருந்தது ஒருபோதும் மறுக்காத ஒரு நேரியல் மாதிரி. மாதக் கடைசியில் அது வண்ணப்படமும் கொடுத்தது. எங்கள் டாஷ்போர்டு எப்போதும் பச்சை.

ஒருநாள் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னதற்கு வேலையை விட்டுப் போனான். “இதுக்கா?” என்றார்கள் எல்லோரும். நானும்தான்.

பெருமாள்மலை பெஞ்சில் அவன் சாதாரணமாகச் சொன்னான். அந்த மாதங்களில் அவன் அலுவலகத்தில் யாரிடமும் சத்தம் போட்டதில்லை, வீட்டில்தான் போட்டிருக்கிறான். அப்பாவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டானாம். எடுத்தால் எரிந்துவிழுவோம் என்று பயந்து எடுக்கவில்லை. 2022 ஜூலையில் அப்பா போய்விட்டார். “கடைசி வாரத்துல பதினோரு மிஸ்டு கால்ணே. என்னத்த சொல்ல.” டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வண்டியைப் பார்க்கப் போனான்.

சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மேலே எழுதியபோது அவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

*

இந்த இடத்தில் வழக்கமாக யாராவது ஒன்று சொல்வார்கள்: “கஷ்டப்பட்டாத்தான் உருப்பட முடியும். நாங்கல்லாம் அடிபட்டு வந்தவங்க.” இதை நான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் சுருள்வில் தொழிலில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. நல்ல அழுத்தச் சுருள்கள் பலவற்றை விற்பதற்கு முன் தொழிற்சாலையிலேயே ஒருமுறை முழுதாக நசுக்குவார்கள். சுற்றுகள் எல்லாம் ஒட்டும்வரை. கம்பியின் மேற்புறம் அதன் மீள்தன்மையைத் தாண்டிக் கொஞ்சம் நிரந்தரமாக நெகிழ்ந்துவிடும். விட்டதும் உள்பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், மேற்புறம் விடாது. இந்த இழுபறியில் கம்பிக்குள் ஓர் எதிர்த்தகைவு தங்கிவிடும். பிற்பாடு வேலைச் சுமை வரும்போது முதலில் அந்த எதிர்த்தகைவைச் சமன்செய்த பிறகுதான் அது கம்பியைப் படுத்த ஆரம்பிக்கும். விளைவு: நசுக்கப்பட்ட சுருள் நசுக்கப்படாததைவிட அதிகம் தாங்கும். உண்மை. முன்னமைத்தல் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த உண்மையின் மிச்சத்தையும் கேட்க வேண்டும். நசுக்கிய பிறகு சுருள் குட்டையாகிவிடும். இழந்த உயரம் திரும்ப வராது. அதனால் வடிவமைப்பவர் அதை முதலிலேயே வேண்டியதைவிட உயரமாகச் சுற்றச் சொல்லியிருப்பார், எவ்வளவு இழக்கப்போகிறது என்று கணக்குப் போட்டு, அதை முன்கூட்டியே கொடுத்திருப்பார். இன்னொன்று, கிடைத்த பலம் அதே திசையில் வரும் சுமைக்கு மட்டும்தான். எதிர்த்திசையில் இழுத்தால் அது முன்பைவிடப் பலவீனம். “நாங்கல்லாம் அடிபட்டு வந்தவங்க” என்று சொல்பவர்கள் அடுத்தவனை நசுக்குவதற்கு முன் அவனுக்குக் கூடுதல் உயரம் கொடுத்தார்களா? அவர்களே எந்தத் திசையில் பலமானார்கள், எந்தத் திசையில் தொட்டால் நொறுங்குவார்கள் என்று அவர்கள் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். என் அப்பா அப்படிப்பட்டவர். வறுமையை எதிர்த்து அவரை அசைக்க முடியாது, பாராட்டைத் தாங்கத் தெரியாது. பரிசு கொடுத்தால் கோபப்படுவார்.

பொறை என்ற பழைய சொல் ஒன்று இருக்கிறது. பொறுமை என்றும் பொருள், சுமை என்றும் பொருள், மலை என்றும் பொருள். சேர மன்னர்கள் தங்களைப் பொறையன் என்று அழைத்துக்கொண்டது மலைக்குச் சொந்தக்காரர் என்ற பொருளில். தாங்குகிறவன், தாங்கப்படுகிறது, இரண்டும் ஒரே சொல். பொறையுயிர்த்தல் என்றால் சுமையிறக்கி இளைப்பாறுவது, பிள்ளை பெறுவதும்தான். வள்ளுவர் பொறையுடைமை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போது, தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கும் நிலத்தைப்போல் இரு என்கிறார். முந்நூறு குறள் தாண்டி, வலியறிதலில், மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். பள்ளியில் முதலாவதைத்தான் நமக்கு மனப்பாடமாகக் கேட்டார்கள். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதையும் சேர்த்து. தாங்குகிறவனுக்குச் சொன்ன அறமும் ஏற்றுகிறவனுக்குச் சொன்ன அறமும் வேறுவேறு என்பது எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் புரிந்தது. ஏற்றுகிறவன் நில உவமையைப் பேசக்கூடாது. அவன் படிக்க வேண்டியது அச்சைப் பற்றிய குறள்.

அந்தக் குறளிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. முறித்தது கடைசி மயிலிறகு என்று நாம் படிக்கிறோம். அந்த ஓர் இறகுக்கு என்ன குற்றம்? பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னவர் பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. தவிர, புதிதாக ஓர் இறகுகூட வைக்காமலும் அச்சு முறியும். ஜெர்மன் ரயில்வேயில் பொறியாளராக இருந்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் சுலபமாகத் தாங்கக்கூடிய சுமையையே மறுபடி மறுபடி கொடுத்தால் லட்சக்கணக்கான சுழற்சிக்குப் பிறகு ஒருநாள் முறிந்தது. உலோகச் சோர்வு. அளவுமீறவில்லை, மீறாத அளவே நாள்பட்டு மீறிவிட்டது. தினமும் அதே வேலை, அதே மனிதர், அதே சொல். “புதுசா என்ன ஆச்சு?” என்று கேட்டால் பதில் இருக்காது.

*

பழனிக்குக் காவடி தூக்கும் வழக்கத்துக்குப் பின்னால் உள்ள இடும்பன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் கயிலையிலிருந்து தெற்கே சுமந்து வருகிறான். ஆவினன்குடி பக்கம் களைத்து இறக்கி வைக்கிறான். இளைப்பாறி மறுபடி தூக்கினால் வரவில்லை. கயிலையிலிருந்து இங்குவரை வந்தது, இங்கிருந்து ஓரடி நகரவில்லை. புராணம் சொல்லும் காரணம் முருகன் மேலே நின்றுகொண்டிருந்தான் என்பது. எனக்கு அதில் சுமைதூக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தெரிகிறது. சுமப்பதைவிடக் கஷ்டம் இறக்கியதைத் தூக்குவது.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். இரண்டு செங்குத்துக் கல், மேலே குறுக்காக ஒரு கல், கிட்டத்தட்டத் தோளுயரம். ஏன் அந்த உயரம்? தரையில் இறக்கினால் தலையில் திரும்ப ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடப்பவன் என்ன செய்வான்? அந்தக் கல்லில் சரித்துவிட்டு, இளைப்பாறி, அதே உயரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்தும் வழக்கம் இருந்தது. இறக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, மற்றவர் இறக்கிவைக்க ஓர் இடம். அதை நிறுத்தியவர்கள் யாரிடமும் “உனக்கு ஓகேவா?” என்று கேட்கவில்லை. கேட்காமலே, நீ களைப்பாய் என்று முன்கூட்டியே எண்ணிக் கல்லை நட்டார்கள். என்னுடைய கேள்விக்கும் அந்தக் கல்லுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நான் மறுக்க வேண்டிய பாரத்தையும் அவன் தலையிலேயே வைத்தேன்.

மலைக்கும் பொறை என்று பெயர் இருக்கிறதல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் வர எங்களுக்கு இ-பாஸ் இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு. 2025 ஏப்ரலில் இருந்து கோடைக்காலத்துக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: வார நாளில் 4,000 வெளியூர் வண்டிகள், வார இறுதியில் 6,000. மலையின் தாங்குதிறனை ஆராயும்படி ஐஐடி சென்னையிடமும் ஐஐஎம் பெங்களூரிடமும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எண் வேண்டும், எண்ணே இல்லாமல் இருந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எந்தச் சுருளுக்கான எண் என்பதுதான் என் கவலை. பழனி மலைத்தொடரின் புல்வெளிகள் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலும் சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும். மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடும் புல்வெளி அது. சரி, தப்புச் செய்துவிட்டோம் என்று சீகையை வெட்டினால் புல் திரும்புகிறதா? பல இடங்களில் மண்ணுக்குள் வருடக்கணக்காகக் காத்திருக்கும் சீகை விதைகள் வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கின்றன. சுமையை எடுத்தாலும் பழைய உயரம் வரவில்லை. நெருக்கமான சுற்றுகள் எப்போதோ ஒட்டிவிட்ட சுருள் இது. நாலாயிரத்தை அதன்மேல்தான் ஏற்றுகிறோம், எங்கள் வண்டியையும் சேர்த்து.

*

சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, அடியில் இருக்கும் வளையத்தை இரண்டு படி திருப்பி வைத்தார் மெக்கானிக். வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். விறைப்பு மாறாது. உட்காரும் உயரம்தான் மாறும், பள்ளத்துக்குக் கொஞ்சம் இடம் மிச்சமாகும். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“இப்ப தட்டாதுல்ல அண்ணே?”

“ஒருத்தர் போனா தட்டாது. ரெண்டு பேரு, இவ்வளவு மூட்டையோட போனா எனக்குத் தெரியாது தம்பி. நான் கூட வரப்போறதில்லல்ல.”

கூலி போக ஒரு பஞ்சாமிர்த டப்பாவும் கொடுத்தோம். சர்க்கரை இருக்கிறது, பேரனுக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. பைகளைக் கட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில், “போயிரலாம்ல? உனக்கு ஓகேவாடா?” என்றேன்.

“இல்லண்ணே” என்றான். “முதுகு வலிக்குது. நான் பஸ்ல வரேன், அந்தப் பையக் கொடுங்க.”

கூடாரத்தையும் அவனே எடுத்துக்கொண்டான். வத்தலக்குண்டு பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. நான் தண்ணீர் கேனைத் திறந்து பாதியைச் சாலையோரச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.